அண்ணையின் கொங்கிறீற் கூரை

ரொறன்ரோவில் ஒரு வீட்டைப் புதுப்பித்து முடித்ததும் அதன் வாசலில் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்துவார்கள். மற்றக் கதவு, சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டால் அது உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். புகைக்குச்சியோடு சுவர் சுவராகப் போய், எங்கே காற்றுப் புகுகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. மூச்சு விடாத வீடுதான் இங்கே நல்ல வீடு. குளிர்காலத்தில் அதைச் சூடாக்கக் கொஞ்சம் எரித்தால் போதும், காபன் குறையும். பன்னிரண்டு வருடமாகியும், சன்னல்களை அடைக்கும்போது ஏதோ பிழை செய்வதுபோலவே இருக்கிறது.

கரவெட்டியில் எங்கள் பழைய வளவில் அண்ணை வீடு கட்டப்போகிறார் என்றதும், வரைபடம் நான் தருகிறேன் என்றேன். மூன்று கிழமை இருந்து வரைந்தேன். உயர்ந்த ஓட்டுக் கூரை, சுவரில் வெயில் படாமல் அகன்ற தாழ்வாரம், காற்று ஊடறுத்துப் போக எதிரெதிரே சன்னல்கள். சீமெந்து கொஞ்சம்தான். ஏசி தேவையே இல்லை. படம் கிடைத்த அன்றே அண்ணை தொலைபேசியில் வந்தார்.

“உதென்ன, ஓடு போட்டிருக்கிறாய்? எனக்கு மேலை கொங்கிறீற்தான் வேணும்.”

“வெயிலுக்குச் சூளை மாதிரிக் கொதிக்கும் அண்ணை. சீமெந்து செய்யிறதே உலகத்தைச் சூடாக்கிற வேலை.”

“உலகத்தை நீ பார். நான் ஓட்டுக்குக் கீழை படுக்கமாட்டன்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மாதம் இருவரும் கதைக்கவில்லை.

சண்டைக் காலத்தில் அதே வளவில்தான் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு விழுந்த ஷெல்லில் அம்மா செத்தா. நான் அப்போது சாவகச்சேரியில் சித்தி வீட்டில் நின்றேன். பத்தொன்பது வயது அண்ணைதான் உடைந்த ஓடுகளைக் கையால் அள்ளி அள்ளி அம்மாவை வெளியே எடுத்தவர். நான் வந்து சேர்ந்தபோது நிலத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். நான் பார்த்தது அந்த ஈரத்தை மட்டும்.

அண்ணை தன் எண்ணப்படியே கட்டி முடித்தார். அந்த வீட்டின் படத்தைப் பார்த்த என் அலுவலக நண்பர் மார்க், “இவ்வளவு வெயிலுள்ள ஊரில் ஏன் இத்தனை தடித்த கூரை?” என்று கேட்டார்.

“ஷெல்லுக்காக” என்றேன்.

அவர் தலையாட்டினார். எங்கள் தொழிலில் ஷெல் என்றால் கட்டடத்தின் வெளிக்கூடு. “ஓ, வெளிக்கூட்டுக்கா? மெல்லிசாகவே போட்டிருக்கலாமே” என்றார். திருத்த வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்தப் பதில் எனக்கே உறைத்தது. அடுத்த விடுமுறையில் போய் அண்ணையோடு நேரில் கதைக்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

சென்ற சித்திரையில் ஒரு மத்தியானம் மின்சாரம் போய் ஏசியும் நின்றுபோனது. இருதய வருத்தத்தோடு அறையில் படுத்திருந்த அண்ணை பிறகு எழும்பவில்லை. வைத்தியர் இருதயம் என்று எழுதினார். அண்ணையின் மனைவி, என் மச்சாள், வெக்கை என்றா.

செத்தவீட்டுக்கு வந்த சனம் கலைந்துபோன பிறகு மச்சாளும் நானும் தனியே இருந்தோம்.

“நீ வரைஞ்சனுப்பின படத்தை அவர் எறியேல்லை, பிள்ளை. அலுமாரியுக்கை கிடக்கு.”

நான் அலுமாரிப் பக்கம் திரும்பினேன். மச்சாள் தொடர்ந்தா.

“முந்தி கோயில் வெடிச் சத்தத்துக்கும் எழும்பிக் கட்டிலுக்குக் கீழை போயிடுவார். இந்த வீட்டுக்கு வந்தாப்பிறகுதான் மனுசன் நிம்மதியா நித்திரை கொண்டவர்.”

“நீங்கள் இனி இதுக்கை எப்பிடி இருக்கப்போறியள்?”

“எங்கை போறது? பகலிலை மாமரத்தடி. உடைக்கச் சொல்லுறியோ?”

“இல்லை மச்சாள். உடைக்கவேண்டாம். இதுக்கு மேலை தூண் வைச்சு, காத்துப் போக இடைவெளி விட்டு, பாரமில்லாத இன்னொரு கூரை போடுவம். வெயிலை அது வாங்கும். கீழை ஏசியும் தேவைப்படாது.”

மச்சாள் என்னையே பார்த்தா. “இதை அவருக்குச் சொல்லியிருக்கலாமே” என்றா. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. ஓம், சொல்லியிருக்கலாம். “ஏன் அண்ணை?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் வரைந்திருப்பேன். கொங்கிறீற்றும் இருந்திருக்கும், நிழலும் இருந்திருக்கும். அண்ணையும் இருந்திருப்பாரோ, தெரியாது.

மறுநாள் மத்தியானம் அளவெடுக்கக் கூரைக்கு ஏறினேன். கீழே நின்ற மேசன், “அக்கா, செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறியிருக்கலாமே! உங்களுக்குப் பழக்கமில்லை” என்று கத்தினார். நாடாவின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றேன். கொதிக்கிற கொங்கிறீற்றில் ஒரு காலை ஊன்றினால் மற்றதைத் தூக்கவேண்டியிருந்தது. எவ்வளவு முயன்றும் இரண்டையும் ஒன்றாக அங்கே வைக்க முடியவில்லை.