கல்லீரலில் உறங்கிய காய்ச்சல்

உச்சி வெயிலில் மரக்காணம் உப்பளத்தின் நடுவே அண்ணனின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைப் பாத்திகளுக்கு இடையே குளிர், குளிர் என்று சுருண்டு கிடந்தான். நானும் அவனுடைய கூட்டாளியின் மனைவியும்தான் கைத்தாங்கலாகத் தூக்கி வந்தோம்.

அந்தக் கூட்டாளியும் அண்ணனும் ஒன்றாகத்தான் கானாவுக்கு உப்பள வேலைக்குப் போனார்கள். திரும்பி வந்தது அண்ணன் மட்டும். தூக்கத்திலேயே மாரடைப்பு, கஷ்டப்படாமல் போய்விட்டான் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னான். அவளும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினாள்.

சாதாரணக் காய்ச்சல் என்று முதலில் மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் திரும்ப வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "இது மலேரியா. ஆப்பிரிக்கா பக்கம் போயிருந்தீங்களா?" என்று கேட்டார். கூட வந்திருந்த அவள்தான் பதில் சொன்னாள்.

"கானாவுல இருந்தாருங்க. வந்து ஒரு வருஷம் ஆவுது. என் வீட்டுக்காரரும் அங்கதான், மாரடைப்புல போயிட்டாரு."

"மாரடைப்பு இல்லம்மா," என்றான் அண்ணன், தரையைப் பார்த்தபடி. "அவனுக்கும் மலேரியாதான்."

அண்ணன் உடம்பில் இருந்தது பிளாஸ்மோடியம் ஓவேல் என்ற ஒட்டுண்ணி. கொசுக்கடியில் நுழைந்து கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து எழும் என்றார் டாக்டர். இது பெரும்பாலும் உயிரை எடுக்காது, இறந்தவருக்கு வந்தது வேறு வகையாக இருக்கும் என்றும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாளா, தெரியவில்லை.

அன்று மாலை எங்கள் வீட்டில் அண்ணனுக்கு மறுபடி நடுக்கம் கண்டது. கட்டிலே ஆடியது. அவள் சுவரில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"அவருக்கும் இப்படித்தான் தூக்கிப் போட்டுச்சா அண்ணே?"

"ம்."

"பக்கத்துல யாரு இருந்தது?"

"நான்தாம்மா. கையப் புடிச்சினுதான் இருந்தேன்."

அப்போதுதான் அவள் அழுதாள்.

கல்லீரலில் கிடப்பதையும் அழிக்கும் மாத்திரைகளை அண்ணன் முழுதாகச் சாப்பிட்டு முடித்தான். பிறகு காய்ச்சல் வரவில்லை. அவளும் தேறிவிட்டாள். போன வாரம்கூட உப்புக் கூடையோடு எங்களைக் கடக்கும்போது, "நீங்க கூட இருந்தீங்களே அண்ணே, அது போதும்" என்றாள். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் தூரம் போகும்வரை காத்திருந்தான்.

"அன்னைக்கு நான் வேலைக்குப் போயிட்டேன்," என்றான் என்னிடம். "போகாதடான்னு சொன்னான். திரும்பி வந்து கையத் தொட்டேன், சில்லுனு இருந்துது."