கம்பளியில் வந்த சிலிண்டர் ஹெட்

சார்ஜாவை முடித்துக்கொண்டு வந்த என் மச்சான் ஹமீது சுல்தான் பெட்டியைத் திறந்தபோது, சாக்லேட்டுக்காக வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றார்கள். பூப்போட்ட கம்பளி ஒன்றை மெல்லப் பிரித்தார். உள்ளே இருந்தது அலுமினியத்தில் வார்த்த ஒரு கனத்த கட்டி.

"என்ன மச்சான் இது?"

"எஞ்சினுக்கு மேல மாட்டுற ட்வின் கேம் ஹெட்டு, காஜா. இப்படி ஒண்ணு கீழக்கரைக்கு வந்ததே இல்ல."

வராததே நல்லது என்று நினைத்துக்கொண்டேன். என் அக்கா நஃபீசா ராத்தா மட்டும் கிட்டே வந்து அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். கட்டினவள் ஆயிற்றே, சிரித்துத்தானே ஆகவேண்டும்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேற வேண்டும். அதனால் மச்சானுக்கென்று தனியாக ஒரு கொட்டகைகூடக் கிடையாது. எஞ்சின் வந்து இறங்கியது ராத்தா வீட்டு முற்றத்தில். "வீட்டோட மாப்பிள்ளை பாத்திருக்கேன், எஞ்சினோட மாப்பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்" என்று நான் சொன்னதை அவர் சட்டையே செய்யவில்லை. அது ராமநாதபுரத்தில் ஒருவர் ஓட்டாமல் போட்டுவைத்திருந்த பழைய ஜப்பான் காருடையது; காரையும் மச்சானே வாங்கியிருந்தார். டர்போ வைத்த எஞ்சின். வெளியேறும் புகையின் வேகத்திலேயே ஒரு சின்னக் காற்றாடி சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்குமாம். ஆனால் அதன் மேல்மூடியான ஹெட்டில், காற்றுவழிகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒன்றுதான் இருந்தது.

"மூக்கடைச்சவன் மாதிரி இருக்கு. ரெண்டு கேம் ஹெட்ட மாட்டுனா மூச்சு தாராளமா விடும்" என்றார்.

வாழ்நாளில் பாதியை சார்ஜா கேரேஜில், அடுத்தவன் பறப்பதற்குக் கார் பூட்டியே கழித்த மனிதர். தன் கையால் பூட்டிய காரில் ராத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற தனுஷ்கோடி ரோட்டில் ஒரு தடவை போகவேண்டும். ஆசை அவ்வளவுதான்.

ஹெட்டும் அடியில் இருக்கிற எஞ்சின் பிளாக்கும் ஒருதாய் மக்கள் இல்லை. ஆயில் இறங்கும் துளை ஒன்று மேலும் கீழும் சேரவில்லை. படகுகளுக்கு வெல்டிங் வைக்கும் பாக்கரிடம் கொண்டுபோய் அதை அடைத்து, வேறு இடத்தில் துளை போட்டு, தனிக் குழாய் வைத்து இறக்கினார். எல்லாம் பூட்டியாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்று. டர்போ காற்றைத் திணிக்கிற நேரத்தில் பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறி கொஞ்சம் முந்திக்கொண்டால் பிஸ்டன் உருகி ஓட்டையாகிவிடும். முந்துகிறது என்பதற்கு அடையாளம் சன்னமான ஒரு கிணுகிணுப்பு. மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். அதைக் காதால் பிடித்து, பொறிக்கு நேரம் வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை நூலளவு திருப்பி வைக்க வேண்டும். சார்ஜாவில் அந்தக் காதுக்காகவே மச்சானைத் தேடி வருவார்களாம்.

அந்தக் காது போய்விட்டது. எதிரே நின்று பேசினால் கேட்கும், சன்னமான சத்தம் விழாது. ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால் மெக்கானிக் ஹமீது சுல்தான் அன்றோடு செத்தான் என்று பயம். பின்னால் அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆக, எஞ்சின் கிணுகிணுத்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. தெரிந்தே, அல்லாஹ் விட்ட வழி என்று வண்டியை எடுத்தார்.

ராத்தாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சார்ஜாவில் இருந்த மச்சானிடமிருந்து போன் வரும்போது கூடத்தில் உம்மா, பெரியம்மா, நான் என்று எல்லாரும் உட்கார்ந்திருப்போம். அவள் என்னத்தைப் பேசுவாள்? வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுப்பாள். பேச்சுத் தீர்ந்தால் மச்சான் போனை எஞ்சின் பக்கம் நீட்டிவிடுவார். "இது நல்லாருக்கு, கேளு. இது நோக்காடு பிடிச்சது, கேளு." அவளும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே அப்படியே தூங்கிப்போவாள். நான் கேலி செய்யாத நாள் இல்லை.

மதியத் தொழுகை லுஹரை முடித்துவிட்டுக் கிளம்பினோம். மடியில் தண்ணீர்க் கேனோடு நான் பின்சீட்டில். உச்சிப்புளி தாண்டியதும் வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து பனைகளெல்லாம் தண்ணீருக்குள் நிற்பதுபோல் அசைந்தன. எஞ்சின் ஒரே சீராக முனகியது. ராத்தா கண்ணை மூடியிருந்தாள். எனக்கும் சொக்கியது. போகிறோமா, போவதாகக் கனவு காண்கிறோமா என்று தெரியவில்லை.

பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் மச்சான் அழுத்தினார். பெருமூச்சு மாதிரி ஒன்று கிளம்பி, கார் கடலுக்கு மேலே எழும்பியது.

"ஏங்க, நிறுத்துங்க" என்றாள் ராத்தா, கண்ணைத் திறக்காமலே. "தகர டப்பால சோழியக் குலுக்குற மாதிரி கேக்குது."

"காத்துச் சத்தம் அது."

"காத்து எனக்குத் தெரியாதா? போன்ல நோக்காடுன்னு காட்டுவீகளே, அதுதாங்க."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு இந்த எஞ்சினும் ஒன்றுதான், மாவு மில்லும் ஒன்றுதான். பாலத்து உச்சியில் படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குப் பக்கத்தில் மச்சான் வண்டியை ஓரங்கட்டினார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"எனக்குக் கேக்கல நஃபீசா."

"நல்லாக் கேளுங்க."

"கேக்காது. காது போயிருச்சு."

ராத்தா அவர் முகத்தையே பார்த்தாள். "எனக்குக் கேக்குதுல்ல. இறங்கிச் சரி பண்ணுங்க, நான் சொல்றேன்" என்றாள்.

பாலத்தின் அடிவாரத்தில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவார், மறுபடி ஏறுவோம். "இருக்கு" என்பாள். இறங்குவோம், திருப்புவார். "இன்னும் லேசா இருக்கு." பாம்பன்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள். கடைசியில் அவள் கத்தினாள்: "போயிருச்சுங்க!"

பிறகு தனுஷ்கோடி ரோடு. இந்தப் பக்கமும் நீலம், அந்தப் பக்கமும் நீலம். நடுவே கார் சத்தமில்லாமல் மிதப்பதுபோல் இருந்தது.

"எம்புட்டு வருசமா இப்படி?" என்றாள் ராத்தா.

"அங்கன இருக்கும்போதே. கடைசி ஏழெட்டு வருசம்."

"போன்ல நான் பேசுனது?"

"நீ மெல்லப் பேசுவ. பாதி விழாது. சரி, சரின்னு சொல்லிருவேன்."

அவள் குரல் உடைந்துதான் வந்தது. "போன வைக்கிறப்பல்லாம் வந்துருங்கன்னுதாங்க சொன்னேன். சரி சரின்னீக, வரல. கேட்டும் வராத மனுசன்னு இத்தன நாளும் மனசுல வச்சிருந்தேன்."

மச்சான் காரை நிறுத்திவிட்டார்.

"இப்பச் சொல்லு" என்றார்.

ராத்தா நான் இருப்பதையும் மறந்து அவர் காதோரம் சாய்ந்து, சத்தமாகவே சொன்னாள்.

"வந்துருங்க."

இந்தத் தடவை மச்சான் சரி என்று சொல்லவில்லை. ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.