தானாகத் திரும்பிய கேசட்

உங்கள் இரண்டு பேருக்காகவும் இதை எழுதுகிறேன். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, கூடத்து மேசையில் இன்னும் இருக்கும் பழைய செட்டைப் பார்த்து, "அன்னைக்கு பாய் கொண்டாந்த புது செட்ட மட்டும் மாத்தியிருந்தா நம்ம தெருவுலயே நாமதான். அப்பாதான் வேணாம்னு திருப்பி அனுப்புனாரு" என்று மகள் சொன்னாள். "கஞ்சம்" என்று மகன் ஒரே வார்த்தையில் முடித்தான். சிரித்துக்கொண்டு சொன்னதுதான். நானும் சிரித்தேன்.

காரணம் கஞ்சத்தனம் இல்லை. நீங்கள் அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பாய் அட்டைப்பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. பெரியப்பா இருந்தவரை அதைப் பேச வேண்டாம் என்று இருந்தேன். இப்போது சொல்வதில் யாருக்கும் சங்கடம் இல்லை. நான் எட்டாவதோடு நின்றவன், எழுத்தில் தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழைய செட்டு நான் வளைகுடாவிலிருந்து முதல் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. மேலே ரெக்கார்டு சுற்றும் தட்டு, நடுவில் ரேடியோ, கீழே கேசட், இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி, எல்லாம் ஒரே பெட்டி. ரெக்கார்டு நம் வீட்டில் ஒன்றுகூட கிடையாது. தட்டின் மூடிமேல் பெரியம்மா சாமி பூவை வைப்பாள். ரேடியோ காலையில் விவசாயச் செய்திக்கு. உண்மையில் அந்தச் செட்டு நம் வீட்டில் செய்த வேலை கேசட்தான். அதிலும் பாட்டுக் கேசட் இல்லை, நான் பேசி அனுப்பிய கேசட்.

ஏன் பேசி அனுப்பினேன் என்றால், கடிதம் போட்டால் தபால்காரர் அதைப் பெரியப்பா கையில் கொடுப்பார். வீட்டுக்குப் பெரியவர் அவர். உறையைக் கிழித்து, கூடத்தில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படிப்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஆனால் உங்கள் அம்மாவுக்கென்று தனியாக ஒரு வரி எழுத முடியாது. ஒரு தடவை "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று எழுதினேன். பெரியப்பா அந்த வரி வந்ததும் தொண்டையைச் செருமிவிட்டு, "இது ஒனக்குத்தாம்மா" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னாராம். அதற்குப் பிறகு அதையும் எழுதுவதில்லை.

கேசட்டில் அந்தக் கஷ்டம் இல்லை. அங்கே நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் செய்தது இதுதான். முதல் பக்கம் வீட்டுக்கு. அண்ணன், அண்ணி, பிள்ளைகள், அக்கம்பக்கம் என்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லி விசாரித்து, மழை பெய்ததா, ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்டு முடிப்போம். மறுபக்கம் சம்சாரத்துக்கு. லீவில் ஊருக்குப் போகிற யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள்.

செட்டு கூடத்தில் இருந்தது. அதனால் வீட்டில் ஒரு பழக்கம் தானாக வந்துவிட்டது. முதல் பக்கம் முடிவில் "எல்லாருக்கும் என் வணக்கம்" என்று நான் சொல்லுவேன். அது காதில் விழுந்ததும் பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார். பெரியம்மா உங்கள் இரண்டு பேர் கையிலும் சில்லறை கொடுத்துக் கடைக்கு அனுப்புவாள், பிறகு வாசல் கதவை ஒருக்களித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அம்மா கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டுக் கேட்பாள். யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொண்டதில்லை.

அந்த மறுபக்கத்தில் நான் அம்மாவிடம் சொன்னது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். என்னை அனுப்புவதற்குப் பெரியப்பா ஆற்றங்கரைத் துண்டு வயலை விற்றார். அது அவருடைய பங்கு, என்னுடையது இல்லை. ஸ்டோர் கீப்பர் வேலை, நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். போன பிறகுதான் தெரிந்தது, குடோனில் மூட்டை இறக்குகிற வேலை. முதல் பக்கத்தில் நான் ஸ்டோர் கீப்பராகவே இருந்தேன். "தம்பி ஆபீஸ்ல ஏசியில உக்காந்திருக்கான்" என்று பெரியப்பா டீக்கடையில் சொல்லுவார். முதல் லீவில் நேரில் சொல்ல வாய் வராததை மறுபக்கத்தில் அம்மாவிடம் மட்டும் சொல்லி, அண்ணனுக்குத் தெரியக் கூடாது என்றும் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கடைகளில் புதுப் புதுக் கம்பெனிச் செட்டுகள் வந்து இறங்கின. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாம் என்று சீர்காழி முழுக்கத் தட்டி கட்டியிருந்தார்கள். எதிர்வீட்டில் சிடி போடுகிற செட்டு வாங்கினார்கள். பெரியப்பாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் இரண்டாவது லீவில் வந்திருந்தேன், பொங்கலுக்குச் சில நாள் முன்பு. சீர்காழியில் கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் சொல்லிப் பெரியப்பாவே புதுச் செட்டை வீட்டுக்கு வரவழைத்தார். "வச்சுக் கேட்டுப் பாருங்க. புடிச்சா பழச நான் எடுத்துக்கிறேன், புடிக்கலேன்னா இத எடுத்துக்கிறேன்" என்றார் பாய்.

பழையதைக் கீழே இறக்கி வைத்துவிட்டுப் புதியதை மேசைமேல் வைத்தார். கறுப்பு நிறம். பட்டன்களை அமுக்கினால் சத்தமே வராது, தொட்டால் போதும். நான் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு சிடி ஒண்ணா போடலாங்க. கேசட்டும் உண்டு. ஒரு பக்கம் முடிஞ்சா அதுவே மறுபக்கம் பாடும். நீங்க எந்திரிச்சு வந்து திருப்பிப் போட வேணாம்" என்றார் பாய்.

"அப்ப வேல மிச்சம்" என்றார் பெரியப்பா.

நானும் தலையாட்டினேன். அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். எங்கள் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பாய் ஒரு பாட்டு சிடியைப் போட்டார். பெரியப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பாட்டு எதுல போட்டாலும் பாட்டுதான் பாய். நமக்குத் தெரிஞ்ச கொரலப் போட்டாத்தான் வித்தியாசம் தெரியும்" என்றார். அடுப்படிப் பக்கம் திரும்பி, "தம்பி பேசுன கேசட்டு ஒண்ணு எடும்மா" என்றார்.

அம்மா பிஸ்கட் டின்னிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். கூடத்தில் எப்போதும் ஓடுவது முதல் பக்கம்தானே.

என் குரலை நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பானைக்குள்ளேருந்து பேசுற மாதிரி கொழ கொழன்னு இருக்கும் பழசுல. இதுல எப்படி, பக்கத்துல நின்னு பேசுற மாதிரி" என்றார்.

"ஆளு பக்கத்துலதான இருக்காரு" என்றார் பாய்.

"எல்லாருக்கும் என் வணக்கம்" என்று கேசட்டில் நான் சொன்னேன். பெரியப்பா சட்டென்று எழுந்து துண்டைத் தோளில் போட்டார். பழக்கம். வாசல்வரை போய்விட்டு, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் எதுக்கு எந்திரிக்கிறேன். பேசுறவனே எதுக்க உக்காந்திருக்கான்" என்று மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

டீ வந்தது. பேச்சு இல்லாத நாடா உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. உளுந்து விதைப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். செட்டுக்குள் லேசாக ஒரு சத்தம். பிறகு என் குரல்.

"என்ன, அண்ணன் வெளிய போயிட்டாரா? கதவ சாத்திட்டியா?"

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இங்க ஸ்டோர் கீப்பரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏஜென்ட் சொன்னது பொய்யி. லாரியிலேருந்து அரிசி மூட்டை எறக்குறேன். தோள்ல தோலு உரிஞ்சு போச்சு. ராத்திரி எண்ணெ தடவிக்கிறேன். நீ இத..."

பாய் பட்டனைத் தேடித் தடவிப் பார்த்து, கிடைக்காமல், சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

பெரியப்பா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"கொரலு தெளிவாத்தான் இருக்கு பாய்" என்றார்.

"ஆமாங்க. செட்டு நல்ல செட்டுங்க" என்றார் பாய், தரையைப் பார்த்து.

"இருங்க, வந்துடுறோம். வாடா, தண்ணி வடியுதான்னு பாத்துட்டு வருவோம்" என்று பெரியப்பா கிளம்பினார். அறுப்புக்கு முன்னால் சம்பா வயலில் தண்ணீரை வடியவிட்டிருந்தோம். அவர் முன்னால் போக நான் பின்னால் வரப்பில் நடந்தேன். மடைவாயில் குந்தி, அடைத்திருந்த வைக்கோலைக் கையால் வாரி எடுத்துப் போட்டார். தண்ணீர் வாய்க்காலுக்குள் ஓடியது.

"ஒரு மூட்டை எத்தன கிலோ?" என்று கேட்டார்.

"நாப்பதும் உண்டு, அம்பதும் உண்டு."

"நம்ம நெல்லு மூட்டையவிடக் கொறச்சல்தான்."

"ஆமாண்ணே."

"நம்ம களத்துல ஒன்ன ஒரு மூட்டை தூக்க உட்டதில்ல."

பெரியப்பா கையை வாய்க்காலில் அலசிக்கொண்டே, "பாய் புடுங்குனதுக்கு அப்பறம் என்ன பேசியிருந்த?" என்றார்.

"ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு."

"அது சொல்லல. இவ்வளவு நாளு ஒரே வீட்டுல இருந்து, மூஞ்சியில கூடக் காட்டல" என்றார். அம்மாவைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார்.

"செட்ட மாத்துறதா வேணாமான்னு நீயே சொல்லிடு. எனக்கு ஒண்ணும் இல்ல. இனிமே ரெண்டு பக்கமும் ஒண்ணாப் பேசிட்டீன்னா, அது தானா திரும்புனா என்ன, திரும்பாட்டி என்ன."

திரும்பி வருகிற வழி முழுக்க அதை யோசித்தேன். அவர் சொன்னது நியாயம்தான். மறைத்த விஷயம் ஒன்று, அது வெளியே வந்துவிட்டது. இனி மூட்டை தூக்குவதை முதல் பக்கத்திலேயே சொல்லலாம், அண்ணன் கேட்கலாம். எதிர்வீட்டுக்குச் சமமாக நம் வீட்டிலும் ஒரு புதுச் செட்டு இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் ஆசைப்பட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடுமா என்று பார்த்தால், ஆகவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் அம்மாவிடம் பேசுவது கூடத்துக்குப் பேசுவதாக ஆகாது. அவள் எனக்குப் பதில் பேசி அனுப்பும் கேசட்டிலும் ஒரு பக்கம் எனக்கு மட்டும்தான். நான் எந்நேரமும் அந்த மிஷினை நினைத்துக்கொண்டு பேசுவேன். கொஞ்ச நாளில் "உடம்பைப் பார்த்துக்கொள்" என்பதையும் விட்டுவிடுவேன். அப்புறம் கடிதத்துக்கும் கேசட்டுக்கும் என்ன வித்தியாசம்.

வீட்டில் பாய் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். "ஒரு பக்கத்தோட நிக்கிற மாதிரி வைக்க இதுலயே சுவிச்சு இருக்குங்க. நான்தான் பாக்காம உட்டுட்டேன்" என்று பெரியப்பாவிடம் காட்டினார்.

அம்மா நிலைப்படியில்தான் இருந்தாள். பெரியப்பாவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள், நேராக நின்று பேசியது குறைவு. அன்று பேசினாள்.

"பிள்ளைங்க ஆளுக்கு ஒரு பட்டன அமுக்கும் மாமா. சுவிச்சு எந்தப் பக்கம் இருக்குன்னு தெனமும் யாரு பாத்துக்கிட்டு இருக்கறது."

பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"பழசே இருக்கட்டும் பாய். தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன்.

"இதுல என்னங்க தப்பு" என்று பாய் அட்டைப்பெட்டியை எடுத்தார். ஆட்டோவரை நான் ஒரு கை பிடித்துக் கொடுத்தேன். பெட்டியை வைத்துவிட்டு, "நானும் அங்க ஓட்டல்ல பாத்திரம் கழுவுனவன்தாங்க. ஊருல மாஸ்டர்னு சொல்லியிருந்தேன். கடைசிவரைக்கும் வீட்டுல ஒரு பிரியாணி போடச் சொல்லிடுவாங்களோன்னு பயம்" என்றார். அப்போதுதான் நீங்கள் தெருமுனையில் பைகளோடு வந்தீர்கள். வண்டி போகிற திசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

நான் திரும்பிப் போய் அனுப்பிய அடுத்த கேசட்டில், முதல் பக்கத்திலேயே அண்ணனை விளித்து மூட்டை வேலையைப் பற்றிச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, வணக்கம் வந்ததும் வழக்கம்போலத் துண்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார் என்று அம்மா பதிலில் சொல்லியிருந்தாள். டீக்கடையில் என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பாய் போன அன்று சாயங்காலம் பெரியம்மாவும் அம்மாவும் உங்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். பெரியப்பா வெளியே போயிருந்தார். கூடத்தில் நான் மட்டும் இருந்தேன். பழைய செட்டைத் தூக்கி மேசைமேல் வைத்து, ஒயர்களை மாட்டினேன். பாய் எடுத்து வைத்துவிட்டுப் போன கேசட்டில் நாடா கொஞ்சம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. செட்டில் போடாமல், பேனாவை ஓட்டைக்குள் விட்டுக் கையாலேயே சுற்றினேன். நாடா உள்ளே போனது. அம்மா திருப்பிப் போட்டால் முதலிலிருந்து கேட்கிற மாதிரி மறுபக்கத்தின் ஆரம்பம் வரும்வரை சுற்றி, முதல் பக்கம் மேலே தெரிகிற மாதிரி பிஸ்கட் டின்னில் வைத்து மூடினேன்.