சத்தம் குறைக்கிற வேலை

கரண்டு போய் வந்தால் என் தம்பியின் கம்ப்யூட்டர் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். அவன் இறந்த பிறகும் அது அந்தப் பழக்கத்தை விடவில்லை.

அருப்புக்கோட்டையில் கோடைக்காலத்துக் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நினைத்தால் போகும், நினைத்தால் வரும். வரும்போதெல்லாம் மாடியறையில், ஆளில்லாத நாற்காலிக்கு எதிரே, சின்னதாக ஒரு நீல விளக்கு எரியும். அடுத்த நொடியே அந்தச் சத்தம் தொடங்கும். முதலில் யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு கரகரப்பு. பிறகு தடதடவென்று அதிர்வு. மேஜை அதிர்ந்து, மேஜையோடு ஒட்டிய ஜன்னல் கம்பியும் சேர்ந்து முனகும். கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் அம்மா கையை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பாள். ஒரு நாள் என் காது கேட்க, "ஏலே, கீழ வாடா, சோறு ஆறுது" என்று கூப்பிட்டே விட்டாள். கூப்பிட்ட பிறகு அவள் குழாயைத் திறந்துவிட்டாள். நான் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தேன்.

இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கரண்டு வந்ததும் தானாக ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குள் ஒரு செட்டிங் உண்டு. என் தம்பிதான் அப்படி வைத்திருந்தான். அதை மாற்றுவது பெரிய வேலையே இல்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், சத்தம் தொடங்குகிற ஒவ்வொரு முறையும் எனக்கு முதுகில் சில்லென்று ஏறும். தெரிந்திருப்பதால் பயம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

நான் அவனுக்கு அக்கா. சென்னையில் ஓர் ஆபீசுக்கு வீடுகளின் படம் போடுகிறவள். கட்டப்போகிற வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் காட்டுகிற வேலை. தம்பியின் காரியத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அம்மாவைத் தனியாக விட்டுப் போக மனசு வரவில்லை. என் லேப்டாப் அந்த வேலைக்குத் திணறியது. தம்பியின் கம்ப்யூட்டரில் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தது. விளையாட்டுக்காக அவன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்டு, செங்கல் தடிமனில், இரண்டு ஃபேன் வைத்தது. அந்தச் சத்தம் இந்த ஃபேன்களிலிருந்துதான் வந்தது. வாங்கி வந்த அன்றைக்கு, பிறந்த குழந்தையைக் காட்டுவது போல வீட்டில் எல்லோருக்கும் கொண்டு வந்து காட்டினான். ஆகவே அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கார்டில் நான் சம்பாதித்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் மீட்டிங்கில் பேசும்போது, "பக்கத்துல ஏதாவது மில்லு இருக்கா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

அந்தச் சத்தத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அப்பாவால் முடியவில்லை.

அப்பாவுக்குப் பாளையம்பட்டியில் கடை. பெயிண்டு, ஆணி, கயிறு, பைப்பு, டேப்பு எல்லாம் கிடைக்கும். நாள் முழுக்க வாடிக்கையாளரிடமும் லோடு இறக்குகிறவர்களிடமும் கத்திவிட்டு வருகிற மனிதர், வீட்டில் அமைதியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். தம்பியின் ஃபேன் சத்தம் அவருக்கு நேர் எதிரியானது. தம்பி இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குப் பொறுமை போய்விட்டது. மாடிப்படியில் நின்று, "ஏலே, ஒண்ணு அந்தச் சத்தத்த நிப்பாட்டு. இல்ல, எங்கிட்டாச்சும் போயிரு. இந்த வீட்டுல மனுசன் இருக்கவா வேண்டாமா?" என்று கத்தினார். அம்மா அன்று மாலை எனக்குப் போனில் சொன்னது இது. தம்பி கோபப்படவில்லையாம். "போயி நிப்பாட்டுறதுக்கு வழி பண்ணிட்டு வாரேன்ப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு பைக்கை எடுத்தானாம். தூத்துக்குடியில் யாரோ பிரவுசிங் சென்டரை மூடுகிறார்கள், சத்தமே போடாத பெரிய ஃபேன்கள் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறான். போனான், வாங்கினான். திரும்பி வரும்போது பந்தல்குடிக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி. அவன் முதுகுப் பையில் நியூஸ் பேப்பர் சுற்றிய இரண்டு கறுப்பு ஃபேன்கள் இருந்தன. அவற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்பா அதன் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் கரண்டு போய் வந்தது. மாடியில் சத்தம் எழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இலையை மூடாமல் எழுந்து, கையைக் கழுவாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. காலையில் குளிக்க மட்டும் வருவார். குளித்த ஈரம் காய்வதற்குள் கிளம்பிவிடுவார். ஹோட்டல் சாப்பாட்டில் வயிறு கெட்டு, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டோம், இவரையும் இப்படியே கொடுத்துவிடுவோமோ என்று பயந்தேன்.

கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நிறுத்தினேன். பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். மறுநாள் பார்த்தால் அம்மா அதைத் திரும்பச் சொருகியிருந்தாள். கேட்டதற்கு, "அது பாட்டுக்கு ஓடட்டும்த்தா. அது ஓடுனா எனக்கு அவன் மேல இருக்கற மாதிரி இருக்கு. ஒனக்கு என்ன அது?" என்றாள். ஆக, அம்மாவுக்காக அது ஓட வேண்டும். அப்பா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட, அது சத்தம் போடாமல் ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. தம்பி வாங்கி வந்த ஃபேன்களை அந்தக் கார்டில் மாட்டுவது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தேன். செய்முறை கஷ்டமில்லை. கார்டின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் மூடியையும் அதன் பழைய ஃபேன்களையும் கழற்றிவிட வேண்டும். உள்ளே அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் போல வரிசையாக இருக்கும். அதன் மேல் பெரிய ஃபேன்களை வைத்து, வயர் கட்டுகிற பிளாஸ்டிக் கேபிள் டையால் இறுக்கிக் கட்டிவிட்டால், மெதுவாகச் சுற்றியே அதே குளிர்ச்சியைத் தரும். பார்க்க, மாவுக்கட்டுப் போட்ட கால் மாதிரி அசிங்கமாக இருக்கும். எங்கள் வீட்டில் அழகைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் யாரும் இல்லை.

கம்ப்யூட்டரின் கேபினெட்டைத் திறந்ததும், தம்பி சத்தத்தோடு எவ்வளவு மல்லுக்கட்டியிருக்கிறான் என்பது தெரிந்தது. பக்கவாட்டுத் தகட்டின் உள்பக்கம் முழுக்க ஃபோம் ஷீட் வெட்டி ஒட்டியிருந்தான். கால்களுக்கு அடியில் சைக்கிள் டியூப்பை நறுக்கி வைத்திருந்தான். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ரப்பர் வாஷர். திருச்சுழிப் பக்கத்திலிருந்து காற்றடித்தால் எங்கள் ஊரில் சோற்றில்கூட மண் இருக்கும், ஆனால் அவன் கேபினெட்டுக்குள் தூசி குறைவாகத்தான் இருந்தது. காற்று போகிற வழியில் பழைய நைலான் புடவைத் துண்டைக் கட்டியிருந்தான். அம்மாவுடைய புடவை. இத்தனை செய்தும் சத்தம் ஏன் போகவில்லை என்று அவன் மேல் எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. என்னடா வேலை பார்த்தாய் என்று வாய்விட்டே கேட்டேன். அவன் பெயரைச் சொல்லாமல் கேட்டது ஏன் என்று பிறகுதான் யோசித்தேன். பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

கார்டை வெளியே எடுத்து, நியூஸ் பேப்பர் மேல் வைத்து, மூடியைக் கழற்றினேன். ஒரு ஃபேனின் இறக்கையில், ஓரத்தை ஒட்டி, கறுத்துக் காய்ந்த ஒரு கட்டி இருந்தது. பல்லி எச்சம் என்று நினைத்து நகத்தை வைக்கப் போனேன். நடுவில் சிவப்புத் தெரிந்தது. சந்தனம். அதன் மேல் குங்குமம்.

போன ஆயுத பூஜை அன்றைக்கு நானும் ஊரில்தான் இருந்தேன். அப்பா தராசு, படிக்கல், டேப் அளவு, பைக் சாவி எல்லாவற்றையும் மனைப்பலகையில் அடுக்கி வைத்திருந்தார். தம்பி ஓடிப் போய்க் கார்டைக் கழற்றிக் கொண்டு வந்து, அந்த வரிசையில் இலை போட்டு வைத்தான். "இதுவும் ஆயுதந்தான்ப்பா, இதுக்கும் வைங்க" என்றான். அப்பா சிரித்துக்கொண்டே வைத்தார். அப்பா பொட்டு வைக்க மாட்டார், அப்புவார். டியூப்பில் வருகிற சந்தனப் பசையைக் கட்டைவிரலில் வழித்து, அழுத்தி ஓர் இழுப்பு. காய்ந்தால் அது சிமென்ட் மாதிரி. பூஜையில் வைத்த பொட்டை எங்கள் வீட்டில் யாரும் துடைப்பதில்லை. தானாக உதிர்கிற வரைக்கும் விட்டுவிடுவோம். எங்கள் கடைத் தராசில் பழைய பொட்டுகளின் மேல் புதுப் பொட்டு ஏறி ஒரு மேடே இருக்கிறது. தராசு சுற்றுவதில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஃபேன் சுற்றும். அவ்வளவு வேகமாகச் சுற்றுகிற இறக்கைகளில் ஒன்று மட்டும் கனத்தால், முழு ஃபேனும் ஆடும். கார்டு ஆடும், மேஜை ஆடும். சத்தம் தொடங்கியது ஆயுத பூஜைக்கு அப்புறம்தான். நாங்கள் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

தம்பி பார்த்திருக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொட்டைச் சுற்றி இறக்கை பளிச்சென்று இருந்தது, காது குடைகிற பட்ஸ் வைத்துத் துடைத்திருக்கிறான். பொட்டுக்கு நேர் எதிர் இறக்கையின் அடியில், கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பொடிப்பொடியாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தான். இந்தப் பக்கம் சந்தனத்தின் எடை, அந்தப் பக்கம் டேப்பின் எடை. சரிக்கட்டப் பார்த்திருக்கிறான், சரியாக வரவில்லை. ஒரு ஈரத்துணியை எடுத்துத் துடைத்திருந்தால் முடிந்திருக்கும். அப்பா வைத்த பொட்டை அழிக்க மனசில்லாமல், அதை அவரிடம் சொல்லவும் மனசில்லாமல், திட்டு வாங்கிக்கொண்டு பைக்கை எடுத்துப் போயிருக்கிறான். முட்டாள் என்று சொல்லிக்கொண்டே அழுதேன். சட்டையைப் பிடித்து நாலு அறை அறைய வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் கீழே அப்பாவின் பைக் சத்தம் கேட்டது. "அவ கம்ப்யூட்டரப் பிரிச்சுப் போட்டுட்டா, வந்து என்னன்னு கேளுங்க" என்று அம்மாதான் கடைக்குப் போன் போட்டிருக்கிறாள். அதை மறைக்க நான் ஒரு துணியைத் தேடுவதற்குள் அவர் படியேறிவிட்டார். தம்பி போன பிறகு அவர் அந்த அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை. நியூஸ் பேப்பருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். அவர் கண் நேராக அந்த இறக்கைக்குப் போயிற்று.

"இது நான் வச்ச பொட்டுல்ல?"

"ஆமாப்பா."

"அழிக்காமயே வச்சிருக்கானே." அவருடைய முகம் இளகியது. தம்பி போன பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. ஃபேனை எடுத்து விரலால் சுற்றிப் பார்த்தார். டேப் கையில் தட்டியது. "இதென்னத்தா, இந்தப் பக்கம்?"

ஒரு வார்த்தை தவறினால் இந்த மனுஷன் இனி எழுந்திருக்க மாட்டார். "அது கம்பெனில ஒட்டி வர்றதுப்பா" என்றேன். அந்த டேப்பை வருஷக்கணக்காக விற்கிறவரிடம் சொன்னேன். அவர் நகத்தால் அதன் ஓரத்தை வருடினார். வெகு நேரம் வருடினார்.

"அப்பச் சத்தம் எதுனால வந்துச்சு?"

"தூசிப்பா. எல்லாத்தையும் துடைச்சாச்சு. இனி வராது."

"அப்ப மாட்டு, பாப்போம்."

வேறு வழி இல்லை. புது ஃபேன்கள் பேப்பருக்குள்ளேயே இருந்தன. அவர் பார்க்கப் பார்க்க, பொட்டும் டேப்புமாக அந்தப் பழைய ஃபேனையே திரும்ப முடுக்கி, கார்டைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். கரகரவென்று செருமல், அப்புறம் தடதடவென்று அதிர்வு. மேஜை ஆடியது. ஜன்னல் கம்பி முனகியது. எந்த வித்தியாசமும் இல்லை. நான் அப்பாவின் செருப்பு வாசலைத் தாண்டுவதற்காகக் காத்திருந்தேன். அவரைப் பார்க்கிற தைரியம் இல்லை.

அவர் போகவில்லை. தம்பியின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சத்தம் கேட்டு ஓடி வந்து வாசலில் நின்ற அம்மாவிடம், "சோத்த இங்கயே கொண்டா" என்றார். அம்மா தட்டைக் கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள். முதல் கவளத்தை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, கார்டையே பார்த்தபடி, அந்தத் தடதடப்புக்கு மேலே குரலை உயர்த்தி, "இப்பச் சத்தம் கொறைஞ்சிருச்சுல்லத்தா?" என்று கேட்டார்.

"கொறைஞ்சிருச்சுப்பா" என்று நானும் கத்திச் சொன்னேன்.