அஜந்தா முகத்தில் எனாமல்

பிள்ளையார்பாளையத்து யேசுதாஸைப் போலத் தூரிகை பிடித்தவன் பல்லவர் காலத்துக்குப் பிறகு காஞ்சிபுரத்தில் பிறக்கவேயில்லை. சரி, பல்லவர் வரைக்கும் போனது கொஞ்சம் அதிகம்தான். அந்தத் தெருவில் பிறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டுப்புடவை பார்டருக்குக் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைவது அவன் பிழைப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை அஜந்தாவுக்கு ரயில் ஏறிவிடுவான். குகைக்குள் மங்கல் வெளிச்சத்தில் புத்தர் ஓவியங்களின் முன்னால் நின்று குறிப்பெடுத்து, வீட்டுக்கு வந்து கான்வாஸில் நகல் எடுப்பான். ஒரு கட்டம் பிசகினாலும் புடவை கெட்டுப்போகும் தொழிலில் பழகிய கை. ஆகவே சுவரில் காரை உதிர்ந்திருந்தால் உதிர்ந்த இடத்தையும் வரைவான். புகைக் கறை, வௌவால் எச்சம் வழிந்த தடம், காணாமல் போன கன்னம் எல்லாம் அப்படியே. பதினோரு வருஷத்தில் தேறியது ஐந்தே படம்.

ஏனாத்தூர் பக்கம் புதுக் கல்யாண மண்டபம் கட்டிய கோதண்டபாணி, அந்த ஐந்தையும் அங்கே மாட்டக் கேட்டார். நாலு பேர் பார்ப்பார்களே என்று யேசுதாஸ் கொடுத்துவிட்டான். முதல் முகூர்த்தத்தன்று மனைவி கிரேஸோடு ஆசையாகப் பார்க்கப் போனான்.

படங்கள் பந்தி ஹாலில், கை கழுவும் இடத்துக்கு மேலே தொங்கின. தாமரை ஏந்திய போதிசத்துவரின் உதிர்ந்த கன்னத்தில் ரோஸ் எனாமல் பெயிண்ட். மண்டபத்து இரும்பு கேட்டுக்கு அடித்த மிச்சமாக இருக்க வேண்டும். உதட்டில் சாயம். நெற்றியில் குங்குமப் பொட்டு. மார்பில் யாரோ சாம்பார் கையைத் துடைத்திருந்தார்கள். கீழே ஒரு பெரியவர் காறித் துப்ப, தெறித்தது படத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. யேசுதாஸுக்குத் தின்ற இட்லி தொண்டைக்கு வந்தது.

"இன்னா மொதலாளி இது?"

"ஓட்டை ஓட்டையா இருந்துச்சேபா! கல்யாணம் நடக்கிற எடத்துல மூளி மொகத்த மாட்டுவாங்களா? பொண்ணு வூட்டுக்காரங்க சகுனம் பாக்கமாட்டாங்க? நம்ம பெயிண்டர வுட்டு ரொப்பிட்டேன். இப்பதான் லட்சணமா இருக்குது."

"அந்த ஓட்டையும் நான் வரைஞ்சதுதான்."

"ஓட்டைய எவனாச்சும் வரைவானா?" கோதண்டபாணி வயிறு குலுங்கச் சிரித்தார். "நீ வேதக்காரன், ஒனக்கு இன்னா தெரியும்? பொட்டு வெச்சதும் எப்டிக் களையா கீறாரு பாரு முருகன்!"

"முருகனா!"

யேசுதாஸ் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். எனாமல் இறுகிவிட்டது, உரித்தால் அடியிலிருக்கும் அவன் வேலையும் சேர்ந்து வரும். விரலில் ஒட்டிய பிசுக்கு சாம்பாரா, எச்சிலா என்று தெரியவில்லை. அவ்வளவுதான். பந்தியில் இருந்தவர்கள் வாயைப் பிளக்க, ஸ்டூல் மேல் ஏறி ஐந்து படத்தையும் பிடுங்கினான். கோதண்டபாணியை ஒரே தள்ளாகத் தள்ளினான். படங்களைத் தலையில் சுமந்து, திரும்பிப் பார்க்காமல் பிள்ளையார்பாளையம் வரைக்கும் நடந்தான்.

"எங்க நடந்தாரு?" நான் சொல்லிக்கொண்டு வந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கிரேஸ் குறுக்கே புகுந்தாள். "ரெண்டு படம்தான் ஆணிய வுட்டு வந்துச்சு. அதையும் நான்தான் கழட்டி ஷேர் ஆட்டோல எடுத்துக்கினு வந்தேன். இவரு மண்டபத்து வாசல்ல வாந்தி எடுத்துக்கினு இருந்தாரு. மீதி மூணும் இன்னிக்கும் அங்கதாம்மா தொங்குது."