உப்புத் தண்ணீர் குடித்த எலுமிச்சை

பாளையம்பட்டியில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பழைய லோடு ஆட்டோவில் செடி விற்கத் தொடங்கியபோது எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லாரியில் கிளீனராக இருந்தேன், திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலைக்கு நின்றேன், புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டங்களில் மூன்று வருஷம் கூலிக்கு இருந்தேன். எந்த ஊரும் என்னைப் போகச் சொன்னதில்லை. நானாகத்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

செடி வியாபாரத்தில் ஒரு சௌகரியம் உண்டு. ஒவ்வொரு ஊரிலும் கொஞ்ச நேரம் நின்றால் போதும். பாலவநத்தத்துக்கு ஒரு நாள், திருச்சுழிக்கு ஒரு நாள் என்று போவேன். திருச்சுழியில் ஊர்க்கோடித் தெரு ஒன்றில் மட்டும் ஆட்டோ வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்கும். அங்கே வாங்குவது குறைவு, பேச்சு அதிகம்.

"என்னண்ணே, போன வாட்டி குடுத்தது ரோசாச் செடியா, முள்ளுச் செடியா? முள்ளு மட்டுந்தான் பூத்திருக்கு" என்று ஒருவர் ஆரம்பிப்பார். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடு என்பார் இன்னொருவர். டீத்தூள் சக்கையை அலசாமல் போட்டால் எறும்பு வரும் என்பார் வேறொருவர். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றிய கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நான் சொல்வதையும் கேட்பார்கள். பல ஊர் சுற்றியவன் என்பதால் எனக்கு நிறையத் தெரியும் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தத் தெருவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றைப் பொதுவாக வைத்த இரண்டு வீடுகள். ஒன்றில் எலுமிச்சை நின்றது, மற்றதில் மல்லி. மல்லிக்காரம்மா மூத்தவர். உடைந்த தண்ணீர்த் தொட்டிகளில் மண் நிரப்பி ஏழெட்டு மல்லிப் பதியன்கள் வைத்திருந்தார். புருஷனும் அவருமாக இரண்டே பேர், பிள்ளை இல்லை. எலுமிச்சைக்காரம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். மூன்று பிள்ளைகள். இருவரும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். சொந்தம் ஒன்றும் கிடையாது.

அந்தப் பக்கத்துக் கரிசலில் எலுமிச்சை நிற்பது லேசான காரியமில்லை. போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. வாளியில் ஒரு நாள் விட்டால் விளிம்பில் வெள்ளையாகப் படியும். அதனால் இருவரும் சேர்ந்து ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழி தோண்டி, டிராக்டரில் செம்மண் வரவழைத்துக் கொட்டி அந்தக் கன்றை வைத்திருந்தார்கள். நாலு வருஷமாக எலுமிச்சைக்காரம்மா அதற்குப் போர்த் தண்ணீர் ஒரு சொட்டும் விட்டதில்லை. அரிசி களைந்த தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர், குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம். மல்லிக்காரம்மாவும் தன் வீட்டுக் கழனித் தண்ணீரைச் சுவருக்கு மேலாகவே ஊற்றுவார். மரம் தலைக்கு மேல் வளர்ந்து பச்சைப் பசேல் என்று நின்றது. ஆனால் பூக்கவில்லை.

"நாலு வருசமாச்சுண்ணே. இது ஆம்பள மரமா இருக்குமோ?" என்று ஒரு நாள் எலுமிச்சைக்காரம்மா கேட்டார்.

"எலுமிச்சையில ஆம்பள பொம்பளயெல்லாம் இல்லம்மா. நீங்க செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீக" என்றேன். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மேலே பேசினேன்.

புளியங்குடியில் பார்த்ததைச் சொன்னேன். மரத்தைச் சுற்றி மண்ணைப் பறித்து, மேல்வேர் தெரியக் காயப் போடுவார்கள். இலை வாடித் தொங்கும்வரை தண்ணீர் காட்ட மாட்டார்கள். பிறகு சாணம் போட்டு மூடி, மூன்று நாள் குழி நிறையத் தண்ணீர் கட்டுவார்கள். மரம் பயந்துபோய்ப் பூத்துக் கொட்டும்.

"குழி நெறயன்னா எம்புட்டுக் குடம்ணே? அம்புட்டு நல்ல தண்ணிக்கு நான் எங்கிட்டுப் போறது?" என்று கேட்டார்.

"போர்த் தண்ணியப் போட்டு விடுங்க. மூணு நாளைக்குத்தான. ஒண்ணும் செய்யாது."

மல்லிக்காரம்மா மட்டும் இழுத்தார். "உப்புத் தண்ணியா? வேணாம் மதினி. இம்புட்டு நாளு காட்டாதத இப்ப எதுக்குக் காட்டிக்கிட்டு?"

"உங்க மல்லிக்கு நான் வைத்தியம் சொல்லலக்கா" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எலுமிச்சைக்காரம்மா நான் சொன்னபடி எல்லாம் செய்தார். ஒரு மாதம் கழித்து நான் போனபோது தெருமுனையிலேயே மணம் அடித்தது. மரம் முழுக்கப் பூ. கிளை தெரியவில்லை. மல்லிக்காரம்மா நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஆத்தாடி ஆத்தா! இந்தச் சில்லாவுலயே இப்படி ஒரு மரம் கெடையாது. எலைய எண்ணிரலாம், பூவ எண்ண முடியாது போலயே" என்றார். நாலு பேர் கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டுத் துப்பவில்லை, திருஷ்டி கழிக்கும் வார்த்தை எதுவும் சேர்க்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. குழியைத் தோண்டியவர்களில் அவரும் ஒருவர் அல்லவா.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. சாகப் போகிற மரம் அப்படிப் பூப்பதைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லோரும் என்னைப் பாராட்டிக் கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஆட்டோவில் இருந்த செடி பாதி அந்தத் தெருவிலேயே விற்றது.

அடுத்த முறை போனபோது தரையெல்லாம் பூ உதிர்ந்து கிடந்தது. இலைகளின் ஓரம் தீயில் காட்டியதுபோலக் கருகியிருந்தது. அதற்கடுத்த முறை மரத்தில் இலையே இல்லை. நான் குனிந்து வேரோரத்து மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். கரித்தது. புளியங்குடியில் கட்டியது இனிப்பான கிணற்றுத் தண்ணீர். காய்ந்து கிடந்த வேர் என்ன கிடைத்தாலும் குடிக்கும். இங்கே அதற்கு உப்பைக் குடிக்கக் கொடுத்தது நான்.

எலுமிச்சைக்காரம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். அழுது ஓய்ந்த முகம். "கண்ணுதானண்ணே? அன்னைக்கு அவுக நின்னு பாத்த பார்வ அப்படி. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாதும்பாக."

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். வாயில் இருந்த மண்ணைத் துப்பிவிட்டு, "இம்புட்டுப் பூ பூத்தா கண்ணு படத்தான் செய்யும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்தத் தெருவை இழக்க எனக்கு மனமில்லை. செடிக்காரனுக்குச் செடியைப் பற்றித் தெரியாது என்று ஒரு தெருவில் பேச்சுக் கிளம்பினால் நாலு ஊருக்குப் போகும்.

சுவருக்கு அந்தப் பக்கம் மல்லிக்காரம்மா நின்றது எனக்குத் தெரியாது. "ஏ மதினி, என் கண்ணா? நானா பாத்து எரிஞ்சேன்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, திகைப்புத்தான் இருந்தது. எலுமிச்சைக்காரம்மா திரும்பினார். பத்துப் பேர் கேட்க ஒரு வார்த்தை சொன்னார்.

"பெத்திருந்தால்ல தெரியும், வளத்தது போனா எப்படி இருக்கும்னு!"

மல்லிக்காரம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வண்டியைக் கிளப்பினேன். ஓடுவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

அதன் பிறகும் அந்தத் தெருவுக்குப் போனேன். ஹாரன் அடித்ததும் முதலில் வெளியே வருகிற மல்லிக்காரம்மா, ஹாரன் கேட்டால் உள்ளே போகிறவர் ஆனார். செத்த மரத்தை வெட்டி அடுப்புக்கு வைத்துக்கொண்டார்கள். பேச்சும் குறைந்தது. ஒருவர் செடியை ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லவே பயந்தார்கள். "ஏதோ இருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அந்தப் பயத்தையும் நான்தான் அங்கே கொண்டு வைத்தேன். எத்தனையோ ஊரில் எத்தனையோ செய்திருக்கிறேன், பசியில் திருடியும் இருக்கிறேன். அதெல்லாம் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. இது செய்தது.

அடுத்த ஐப்பசி மழை முடிந்து ஒரு நாள் செடி எதுவும் ஏற்றாமல் பஸ்ஸில் திருச்சுழிக்குப் போனேன். எலுமிச்சைக்காரம்மா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். "மரம் கண்ணு பட்டுச் சாகல. நான் விடச் சொன்ன உப்புத் தண்ணியில செத்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றேன்.

வெகு நேரம் கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

"தெரிஞ்சா சொன்னீக, கண்ணு படும்னு?"

"ஆமா."

"என்னைய ஏண்ணே அந்த வார்த்தய சொல்ல விட்டீக?" என்றார். பிறகு, "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய. அங்கிட்டுப் போய்ச் சொல்லுங்க. நான் போக முடியாது, எனக்கு மூஞ்சி இல்ல" என்றார்.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். மல்லிக்காரம்மா தொட்டியோரம் உட்கார்ந்து காய்ந்த குச்சிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கத்தரியை நிறுத்தாமல் கேட்டார்.

"எனக்குத் தெரியும்யா. நாந்தான வேணாம்னு சொன்னேன்."

"அப்ப ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

"மரம் உங்க தண்ணியில செத்துச்சு, சரி. அந்தச் சொல்லும் உங்க தண்ணியிலயா வந்துச்சு? அது அவ வயித்துல இம்புட்டு நாளும் கெடந்தது. நான் அங்க கழனித் தண்ணி ஊத்துனப்பவும் கெடந்திருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் துணி உதறும் சத்தம் நின்றுபோயிருந்தது. அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். நான் இன்னும் ஏதாவது சொல்லலாமா என்று நின்றேன். மல்லிக்காரம்மா அடுத்த தொட்டிக்கு நகர்ந்து உட்கார்ந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போங்க" என்றார்.