முழங்காலை விசாரித்த சீனர்

அந்தச் சீனருக்கு என்மேல் பாசம் என்றுதான் மடையன் நான் நம்பினேன். பாரிஸில் ரூ லூயி-பிளாங்க் தெருவில் என் போன் கடை இருந்த கட்டடம் அவருடையது. மெலிந்த உடம்பு, சாம்பல் ஸ்வெட்டர். யார் போனாலும் சுடுதண்ணீர்க் கிளாஸை இரண்டு கையாலும் நீட்டுவார்; என் முழங்கால் வலியையும் விசாரிப்பார்.

வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கேட்டேன். "இந்தக் கடை ஈரம், உங்கள் முழங்காலுக்கு ஆகாது. புறநகரில், எபினேயில் நல்ல கடைகள் உண்டாம்" என்றார் பிரெஞ்சில். உருகிப்போய் மனைவியிடம் சொன்னேன்.

"மனுசன் உங்களைக் கடையை விட்டு எழும்பச் சொல்லுறார் அப்பா. கலியாணத்துக்குக் கூப்பிட்டா நீங்களும் 'பாப்பம்' எண்டு சொல்லிப்போட்டுப் போகாம நிக்கிறனீங்கள்தானே?" என்றாள் அவள்.

அன்று வியர்த்ததில் அவர் தந்த தண்ணீரெல்லாம் வெளியே வந்திருக்கும். மறுநாள் போய், "கடை எனக்கு இல்லையா?" என்று நேரே கேட்டேன். தரையைப் பார்த்தபடி இன்னொரு கிளாஸ் நீட்டினார்.

மாத முடிவில் கடையைக் காலி செய்தேன். பெட்டிகளை வேனில் ஏற்ற அவரும் வந்தார்.